அசெட்டோ கோர்ஸாவ மூணு இன்ஸ்டாலா பிரிச்சு வைக்கணும், வழி சொல்லுங்க

பெருமாள்புரம்_ஈ30:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டை பெருமாள்புரத்துல இருந்து எழுதுறேன். அசெட்டோ கோர்ஸாங்குற கார் ரேஸ் கேம் மூணு வருசமா ஓட்டிட்டு இருக்கேன், நம்ம கூட்டாளிகளோட மூணு விதமா ஆடுவோம். வெள்ளிக்கிழமை ராத்திரி லீக், பிஎம்டபிள்யூ எம்3 ஈ30 குரூப் ஏ காரு, கேமை உண்டாக்குன குனோஸ் கம்பெனி குடுத்த ஒரிஜினல் அப்படியே இருக்கணும். சனிக்கிழமை டிரிஃப்ட். மத்த நாளெல்லாம் டிராஃபிக் சர்வர்ல ஹைவே, அதுக்கு கஸ்டம் ஷேடர்ஸ் பேட்ச்ங்குற கூடுதல் சாப்ட்வேர் புது வெர்சன் இல்லாட்டி உள்ளயே விடாது.

எல்லாம் ஒரே போல்டர்லதான் கெடக்கு. போன வாரம் கூட்டாளி ஒருத்தன் பென்டிரைவ்ல டிரிஃப்ட் பேக் கொண்டு வந்தான், காரு, டிராக்கையெல்லாம் பாத்துக்குற கன்டென்ட் மேனேஜர்ங்குற லாஞ்சர்ல இழுத்துப் போட்டேன், ஏற்கனவே இருக்க காரு மேல எழுதவான்னு கேட்டுச்சு, நானும் சரின்னு குடுத்துட்டேன். அதுக்குள்ள ஈ30 போல்டரும் இருந்துருக்கு, அது எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை குவாலிஃபையிங்குக்கு எல்லாரும் காத்துட்டு நிக்கானுவ, நான் ஜாயின் பண்ண பண்ண செக்சம் மிஸ்மேட்ச்னு, அதாவது என் பைலும் சர்வர் பைலும் ஒத்துப் போகலன்னு, வெளிய தள்ளிட்டே இருக்கு. நாலு தடவ பாத்துட்டு விட்டுட்டேன். ஒரு மாசமா அந்த டிராக்குக்கு செட்டப் போட்டு வச்சிருந்தேன், மனசு கேக்கல.

அதனால மூணையும் தனித்தனியா பிரிச்சிரணும்னு இருக்கேன். பிரச்சினை இடம்தான். கேம் போல்டர் 190 ஜிபி ஆயிட்டு, அதுல பாதிக்கு மேல மோடு டிராக்குதான், அதாவது மத்தவங்க செஞ்சு கேம்ல சேத்தது. எஸ்எஸ்டி 512 ஜிபி, ஹார்டு டிஸ்க் 1 டிபி அதுலயும் சிவப்புக் கோடு வந்து நிக்கி. மூணு காப்பி போட இடமில்ல, திரும்ப டவுன்லோடு பண்ண போன் ஹாட்ஸ்பாட்டு தாங்காது. எப்படிப் பண்றீங்க எல்லாரும்?

கொக்கிரகுளம்_ஜிடிஆர்2:

தம்பி, நான் 2006ல ஜிடிஆர்2ங்குத ரேஸ் கேம் வந்த நாள்ல இருந்து இந்தச் சோலிதான் பாக்குதேன், இப்பவும் எங்கிட்ட அது அஞ்சு இன்ஸ்டால் இருக்கு. ஒரு விசயத்த மொதல்ல புரிஞ்சிக்கிடுங்க. ஜிடிஆர்2ல, பழைய ஆர்ஃபேக்டர்ல எல்லாம் யூசர்டேட்டா போல்டர் கேமுக்குள்ளயே கெடக்கும், போல்டர அப்படியே காப்பி போட்டா செட்டிங்கு, பிஎல்ஆர் பைலு (ஓட்டுதவரோட செட்டிங் பைலு), செட்டப்பு எல்லாம் தன்னால பிரிஞ்சிரும். அசெட்டோ கோர்ஸா அப்படி இல்ல. காரும் டிராக்கும் ஸ்டீம் (கேம் வாங்கி இறக்குத ஆப்பு) போல்டர்ல இருக்கும், ஆனா உங்க ஸ்டியரிங் செட்டிங்கு, காரு செட்டப்பு, ரீப்ளே எல்லாம் டாக்குமென்ட்ஸ்ல அசெட்டோ கோர்ஸான்னு இன்னொரு போல்டர்ல போய் உக்காந்திரும். கேமை மட்டும் மூணா பிரிச்சுட்டு இத விட்டுட்டா மூணு வீட்டுக்கும் ஒரே அடுப்படி கணக்குதான், டிரிஃப்டுக்கு மாத்தின ஸ்டியரிங் ஃபோர்ஸ் ஃபீட்பேக் லீக்ல வந்து நிக்கும்.

இடத்துக்கு வழி ஜங்ஷன். நம்ம ஜங்ஷன் இல்ல, விண்டோஸ்ல உள்ள ஜங்ஷன். டி டிரைவ்ல ஒரு கிட்டங்கி போடுங்க, மோடு டிராக்கு, மோடு காரு எல்லாத்தையும் அங்க ஒரே ஒரு பிரதி மட்டும் அடுக்குங்க. ஒவ்வொரு இன்ஸ்டால்லயும் கன்டென்ட் போல்டருக்குள்ள அந்தந்த டிராக்குக்கு எம்கேலிங்க் ஸ்லாஷ் ஜேங்குத கமாண்ட் போட்டு ஒரு வாசல் மாதிரி வச்சிருங்க. கேமுக்கு அது நிஜ போல்டர் மாதிரியே தெரியும், இடம் ஒரு தடவதான் போவும். ஹார்டு லிங்குன்னு ஒண்ணு உண்டு, அது பைலுக்கு மட்டுந்தான், ஒரே டிரைவுக்குள்ளதான் வேல செய்யும். ஜங்ஷன் போல்டருக்கு, சி-ல இருந்து டி-க்கும் போவும்.

குனோஸ் ஒரிஜினல் காரை மட்டும் கிட்டங்கில வைக்காதீங்க. அது ஒவ்வொரு இன்ஸ்டால்லயும் தனித்தனியா நிஜமாவே இருக்கட்டும். ஏன்னா வாசல் வழியா போயி எழுதினாலும் எழுதுதது கிட்டங்கில உள்ள பைல்லதான். டிரிஃப்ட் இன்ஸ்டால்ல ஈ30 மேல ஒரு பேக்கு எழுதிச்சுன்னா லீக்ல உள்ள ஈ30யும் சேந்து கெட்டுப்போவும், திரும்பவும் அதே வெள்ளிக்கிழமைதான். கிட்டங்கில உள்ள பைலுக்கெல்லாம் அட்ரிப் கமாண்டுல ரீட் ஒன்லி போட்டு வைங்க, தெரியாம மேல எழுத வந்தா தடுக்கும்.

இப்ப மாத்துத வித்தை. ஸ்டீம் காமன் போல்டருக்குள்ள அசெட்டோகோர்ஸாங்குத பேர்லதான் கேமை தேடும். அந்தப் பேரை நிஜ போல்டரா வைக்காம அதையே ஒரு ஜங்ஷனா வச்சிருங்க. லீக், டிரிஃப்ட், டிராஃபிக்னு மூணு நிஜ போல்டர் பக்கத்துல கெடக்கும், எதை ஓட்டணுமோ அதுக்கு அந்தப் பேரைத் திருப்பி விடணும். டாக்குமென்ட்ஸ்ல உள்ளதுக்கும் இதே மாதிரி. ஒரு பேட்ச் பைலுக்கு (ஷேடர்ஸ் பேட்ச் இல்ல, கமாண்டை வரிசையா எழுதி வைக்குத .bat பைலு) நாலே வரி, பழைய ரெண்டு ஜங்ஷனையும் ஆர்எம்டிர் கமாண்ட் போட்டு எடுக்கணும், புதுசா ரெண்டு எம்கேலிங்க். மூணு இன்ஸ்டாலுக்கு மூணு பேட்ச் பைலு, டெஸ்க்டாப்ல வச்சுக்கிடலாம். ஸ்டீமையும் கன்டென்ட் மேனேஜரையும் மூடிட்டுத்தான் ஓட்டணும். பாதை மாறாததால கன்டென்ட் மேனேஜர்ல ஒண்ணும் தொட வேண்டாம்.

லீக் போல்டரை சுத்தம் பண்ண முழுசா டவுன்லோடு வேண்டாம். இருக்குத போல்டர்ல ஸ்டீமோட வெரிஃபை ஓட்டுங்க, கெட்டுப்போன ஒரிஜினல் பைலை மட்டும் இறக்கிச் சரி பண்ணும். ஆனா நீங்க கூடுதலா போட்டதை அது தொடாது. ஷேடர்ஸ் பேட்ச் போட்ட எக்ஸ்டென்ஷன் போல்டர், டி-ரைட் டிஎல்எல், பைத்தான் ஆப்பு, கன்டென்டுக்குள்ள டிரைவர், ஃபான்ட்ஸ் போல்டர்ல மோடு போட்டுட்டுப் போனது எல்லாம் நீங்கதான் கையால பாத்து எடுக்கணும்.

ஒரே ஒரு எச்சரிக்க. எக்ஸ்பி காலத்துல ஜங்ஷனை எக்ஸ்புளோரர்ல சும்மா டெலீட் குடுத்தேன், வாசலை மட்டும் எடுக்கும்னு நெனைச்சேன், அது உள்ள போயி நிஜப் பைலையெல்லாம் வழிச்சு எடுத்துட்டு. ஆறு மாசத்துச் செட்டப்பு போச்சு. இப்பத்த விண்டோஸ் அப்படிப் பண்ணாது, ஆனாலும் நான் ஆர்எம்டிர் மட்டும்தான் போடுவேன், உள்ள இருக்குததையும் சேத்து அழிக்குத ஸ்லாஷ் எஸ் சேக்கவே மாட்டேன். செட்டப்பு போல்டர் சின்னதுதான், மாசத்துக்கு ஒருக்க பென்டிரைவ்ல எடுத்து வைங்க.

மேலப்பாளையம்_டர்போ:

அண்ணாச்சி சொன்னது சரிதான், ஆனா மூணு இன்ஸ்டால் எல்லாருக்கும் தேவையில்லன்னு நெனைக்கேன். நான் ஒரே இன்ஸ்டால்லதான் எல்லாம் பாக்கேன். கன்டென்ட் மேனேஜர்ல காரை டிசேபிள் பண்ணா கார்ஸ்-ஆஃப்னு ஒரு போல்டருக்கு நகத்திரும், டிராக்குக்கும் அப்படித்தான், திரும்ப எனேபிள் பண்ணா வந்துரும். கண்ட்ரோலுக்கும் கிராஃபிக்சுக்கும் பிரீசெட் சேவ் பண்ணி வச்சா ரெண்டு கிளிக்ல மாறிரும். ஷேடர்ஸ் பேட்ச் வெர்சன் கூட அங்கயே பழசு புதுசுன்னு மாத்திக்கலாம். ஈ30 கெட்டது இன்ஸ்டால் ஒண்ணா இருந்ததால இல்ல, மேல எழுதவான்னு கேட்டப்ப பாக்காம சரின்னதாலதான். எந்தப் பேக் வந்தாலும் மொதல்ல வேற போல்டர்ல விரிச்சு உள்ள என்னென்ன காரு இருக்குன்னு பாத்துட்டுத்தான் போடுவேன்.

கொக்கிரகுளம்_ஜிடிஆர்2:

விரிச்சுப் பாக்கணும்ங்குதது நூத்துக்கு நூறு சரி, அத நான் சொல்லாம விட்டது என் தப்பு. ஆனா லீக்குன்னு வந்துட்டா ஒரு போல்டர் யாரும் தொடாம கெடக்கணும் தம்பி. சனிக்கிழமை ராத்திரி தூக்கக் கலக்கத்துல ஒரு மோடு போடத்தான் செய்வோம், அது வெள்ளிக்கிழமை கண்ணுல பட்டா பிரயோசனம் இல்ல. டிரிஃப்டும் டிராஃபிக்கும் வேணும்னா ஒரே இன்ஸ்டால்ல இருக்கட்டும், நீங்க சொன்ன பிரீசெட்டு அதுக்குப் போதும். லீக்கு மட்டும் தனி. இப்ப ரெண்டு இன்ஸ்டால்தான், இடமும் மிச்சம்.

அம்பை_ராலி:

நான் ரிச்சர்ட் பர்ன்ஸ் ராலி ஆளு, 2004 கேம், இன்னைக்கு வரைக்கும் ஸ்டேஜ் ஸ்டேஜா சேத்துட்டேதான் இருக்கோம். மணிமுத்தாறுல இருந்து மாஞ்சோலைக்கு ஏறுற ரோட்டை யாராவது அதுல ஒரு ஸ்டேஜா கட்டணும்னு ரொம்ப நாளா ஆச, அந்தக் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொண்ணும் ராலிக்குன்னே போட்டது மாதிரி இருக்கும்.

ரெண்டு விசயம் மட்டும். டாக்குமென்ட்ஸ் போல்டர் ஒன்டிரைவ்ல பேக்கப் ஆகுதான்னு மொதல்ல பாருங்க, புது லேப்டாப்புல அது தன்னாலயே ஆன்ல இருக்கும். ஆன்ல இருந்தா ரீப்ளே எல்லாம் மேல ஏறி இலவச இடம் ரொம்பிரும், ஜங்ஷனும் அதுக்குச் சேராது. அத நிறுத்திட்டு அப்புறம் அண்ணாச்சி சொன்னத செய்யுங்க. இன்னொண்ணு, பேக்கப்புக்கு விண்டோஸோட ரோபோகாப்பி கமாண்ட் போடுறவங்க ஸ்லாஷ் எக்ஸ்ஜே சேத்துக்கோங்க. இல்லாட்டி ஒவ்வொரு வாசல் வழியாவும் உள்ள போயி ஒரே டிராக்கை ரெண்டு மூணு தடவ காப்பி பண்ணி வைக்கும்.

பெருமாள்புரம்_ஈ30:

அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை பூரா இதான் வேல. ஒன்டிரைவ் ஆன்லதான் இருந்துச்சு, அம்பைக்காரர் சொல்லலன்னா கவனிச்சிருக்க மாட்டேன். ரெண்டு எடத்துல முட்டி நின்னேன். எம்கேலிங்க்னு அடிச்சா அப்படி ஒரு கமாண்டே இல்லங்குது. இன்னொண்ணு, கிட்டங்கிய எக்ஸ்டெர்னல் டிஸ்க்ல வச்சு, அதுக்குள்ளயே இன்னொரு வாசல் போடப் பாத்தேன், அதுவும் எரர். என்ன தப்பு பண்றேன்?

கொக்கிரகுளம்_ஜிடிஆர்2:

மொதலாவது, நீங்க பவர்ஷெல்லுக்குள்ள நின்னு அடிக்கீங்க. ரைட் கிளிக்ல டெர்மினல்னு தொறந்தா அதுதான் வரும். எம்கேலிங்க் பழைய கமாண்ட் பிராம்ப்ட்டுக்குள்ள உள்ள சங்கதி, சிஎம்டின்னு அடிச்சு என்டர் தட்டிட்டு அப்புறம் போடுங்க. ஜங்ஷனுக்கு அட்மின் கூட வேண்டாம். ரெண்டாவது, எக்ஸ்டெர்னல் டிஸ்க் எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்ல இருக்கும், வாங்கும்போதே பாதி டிஸ்க்கு அப்படித்தான் வருது. அதுல ஜங்ஷன் நிக்காது, என்டிஎஃப்எஸ் ஃபார்மேட் வேணும். ஃபார்மேட் பண்ணா உள்ளது எல்லாம் போயிரும், எடுத்து வச்சுட்டுப் பண்ணுங்க. ஆனா கிட்டங்கிய எக்ஸ்டெர்னல்ல வைக்காதீங்கன்னுதான் சொல்லுவேன், கேபிள் ஒரு ஆட்டு ஆடினா டிராக்கு பாதி லோடுல நின்னுரும்.

பெருமாள்புரம்_ஈ30:

சிஎம்டிதான் பிரச்சினை, இப்ப ஓடுது. கிட்டங்கிய உள்ள இருக்க ஹார்டு டிஸ்க்குக்கே மாத்திட்டேன், பழைய ரீப்ளே எல்லாம் அழிச்சு இடம் பண்ணேன். லீக் போல்டர் தனி, டிரிஃப்டும் டிராஃபிக்கும் டர்போ சொன்ன மாதிரி ஒண்ணா பிரீசெட்டோட. மோடு டிராக்கு ஹார்டு டிஸ்க்ல இருந்து லோடு ஆக முன்னைய விட நேரம் எடுக்கு, ஆனா லீக்ல உள்ளதெல்லாம் எஸ்எஸ்டிலயே இருக்கதால அங்க வித்தியாசம் தெரியல.

நேத்து வெள்ளிக்கிழமை. லீக் பேட்ச் பைலை ரெண்டு கிளிக் பண்ணேன், கருப்பு ஜன்னல் ஒண்ணு வந்து மறைஞ்சுது, கன்டென்ட் மேனேஜரைத் தொறந்தா ஒரிஜினல் காரு மட்டும் வரிசையா நிக்கி, ஒரு மோடு கூட இல்ல. சர்வர்ல ஜாயின் குடுத்துட்டு ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டே உக்காந்திருந்தேன், இந்தத் தடவ தள்ளல. ஆறாவதா முடிச்சேன். ராத்திரியோட ராத்திரியா செட்டப் போல்டரை பென்டிரைவ்ல எடுத்து வச்சிட்டேன் அண்ணாச்சி.