அடிபிகல் நிமோனியா: ‘இயல்பற்ற’ சரிதானா?

அனைவருக்கும் வணக்கம்.

அடிபிகல் நிமோனியாவுக்கு நம் மருத்துவக் கலைச்சொல் பட்டியலில் ‘இயல்பற்ற நுரையீரல் அழற்சி’ என்று இருக்கிறது. அதை மாற்ற வேண்டும். ‘இயல்பற்ற’ என்றதும் ஏதோ அரிய நோய் என்று பெற்றோர் மிரண்டுபோவார்கள். ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைகளிடம் இது சகஜமாகப் பார்ப்பதுதான். 1938இல் ஹோபர்ட் ரைமன் என்ற அமெரிக்க மருத்துவர் இந்த அடைமொழியைப் போட்டது அரிது என்பதற்காக அல்ல, வழக்கமான நிமோனியாவின் சாயல் இதில் இல்லை என்பதற்காக. வழக்கமானதில் திடீரென்று கடுங்காய்ச்சல் வரும், நுரையீரலின் ஒரு மடல் அப்படியே இறுகிவிடும். இதிலோ தலைவலி, தொண்டைவலி என்று மெல்லத் தொடங்கி, வறட்டு இருமல் வாரக்கணக்கில் இழுக்கும். பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும், எக்ஸ்ரேயைப் பார்த்தால் பகீர் என்றிருக்கும்.

‘மாறுவகை நிமோனியா’, ‘நடமாடும் நிமோனியா’ இரண்டையும் முன்வைக்கிறேன். ‘நுரையீரல் அழற்சி’யைத் தவிர்த்ததற்குக் காரணம், கிருமியே இல்லாமல் வரும் அழற்சியும் அதில் அடங்கிவிடும்.

*

ஐயா, ‘நடமாடும்’ வேண்டவே வேண்டாம். நடமாடும் நூலகம்போல நிமோனியாவும் வண்டியில் வந்து இறங்கும்!

‘சுவரிலி நிமோனியா’ எப்படி? பிள்ளைகளிடம் முதன்மைக் கிருமி மைக்கோபிளாஸ்மா. அதற்குச் செல்சுவரே கிடையாது. நிமோனியாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் அமாக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கெடுப்பது, கிருமி செல்சுவர் கட்டும் வேலையை. சுவரே இல்லாத இடத்தில் அதற்கு என்ன வேலை? இரண்டு மூன்று நாள் கொடுத்தும் காய்ச்சல் இறங்காவிட்டால் அதே மருந்தின் அளவைக் கூட்டுகிறார்கள். பெயரே காரணத்தைச் சொன்னால் அந்தத் தவறு குறையும்.

*

அம்மா, சொல் அருமை. ஆனால் லெஜியோனெல்லா என்ற கிருமியால் வரும் நிமோனியாவும் இதே தலைப்பில் வருகிறது. அந்தக் கிருமிக்குச் சுவர் உண்டு. அது நம் செல்லுக்குள் புகுந்து வாழ்வதால் அமாக்சிசிலின் எட்டுவதில்லை. ஆகவே ‘சுவரிலி’ மைக்கோபிளாஸ்மாவுக்கு, ‘மாறுவகை’ நோய்க்கு. ‘மாறுவகை’ என்றால் உருமாறிய கிருமி என்ற குழப்பம் வராது. அதற்குத் ‘திரிபு’ நிலைத்துவிட்டது.

பதிவில் மருந்தளவும் இருக்கட்டும். செல்சுவரை நம்பாமல் வேலை செய்யும் அசித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, முதல் நாள் எடையில் கிலோவுக்கு 10 மி.கி., அடுத்த நான்கு நாள் 5 மி.கி., தினம் ஒரே வேளை. 20 கிலோ பிள்ளைக்கு 5 மி.லி.யில் 200 மி.கி. உள்ள சிரப் என்றால் முதல் நாள் 5 மி.லி., பிறகு 2.5 மி.லி. சிரப்பின் செறிவைப் பார்க்காமல் மி.லி. மட்டும் எழுதினால் அளவு இரட்டித்துவிடும்.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. தொண்டைச் சளியில் பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) பாசிட்டிவ் என்பதாலேயே நோய் என்று ஆகாது. நலமாக உள்ள பிள்ளையிடமும் கிருமி தங்கியிருக்கும். இதற்குக் ‘கிருமித் தங்கல்’ எனலாமா? இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் சோதனையையும் அப்படியே நம்ப முடியாது: முதல் வாரத்தில் நெகட்டிவ் காட்டலாம், நோய் போன பிறகும் மாதக்கணக்கில் பாசிட்டிவாகவே நிற்கலாம்.

*

‘தங்கல்’ பொருந்துகிறது. கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும் ‘மருந்தெதிர்ப்பு’க்கும் ஒரு வரி சேர்க்கவும்: அசித்ரோமைசின் தொடங்கி 48 முதல் 72 மணி நேரத்தில் காய்ச்சல் தணியாவிட்டால், முதலில் நெஞ்சில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லையென்றால் மருந்தெதிர்ப்பைச் சந்தேகித்து டாக்ஸிசைக்ளின் என்ற வேறு நுண்ணுயிர்க்கொல்லிக்கு மாறலாம்.