நடுவர் குழுக் கண்காட்சி: மூன்று ஆண்டுகளாகத் திரும்பி வரும் நீர்வண்ண ஓவியங்கள்

கோத்தகிரி வாசி:
அனைவருக்கும் வணக்கம். பதினைந்து ஆண்டுகளாக நீர்வண்ணத்தில் வரைகிறேன். பெரும்பாலும் தேயிலைச் சரிவுகளும் தென்மேற்குப் பருவக்காலத்து மூடுபனியும்தான். நடுவர் குழு தேர்ந்தெடுக்கும் ஒரு கண்காட்சிக்கு ஆண்டுக்கு மூன்று படங்களாக மூன்று ஆண்டுகள் அனுப்பினேன். ஒன்றுகூட முதல் சுற்றைத் தாண்டவில்லை. வீட்டுக்கு வருபவர்கள் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டுப் போகும் படங்கள் அவை என்பதால்தான் மனம் ஆறவில்லை. “நீலகிரிக்காரர் வரைந்தது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும், இங்குள்ள பழங்குடிகளான தோடரின் பூத்தையல் வடிவங்களையோ குறும்பரின் ஓவிய உருவங்களையோ சேர்த்துப் பாருங்கள்” என்கிறார் நண்பர் ஒருவர். அது சரியான வழியா? தவிர, மழைக்காலத்தில் தாள் நெளிந்து புள்ளி புள்ளியாகப் பூஞ்சை பிடிப்பதற்கும் ஒரு வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

குன்னூர் ஓவிய ஆசிரியர்:
ஐயா, சிறிய போட்டிகள் சிலவற்றில் நடுவராக இருந்திருக்கிறேன் என்பதால் மேசைக்கு மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன். முதல் சுற்றில் உங்கள் ஓவியத்தை யாரும் பார்ப்பதில்லை. அதன் ஒளிப்படத்தைத்தான் பார்க்கிறார்கள், அதுவும் திரையில், வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் சில நொடிகள் ஒதுக்கி. மூடுபனி ஓவியத்தின் உயிர் வெளிறிய சாம்பலுக்கும் அதைவிட வெளிறிய சாம்பலுக்கும் இடையில் இருக்கிறது. சுவரில் அது நம்மை நிறுத்தி வைக்கும். உள்ளங்கையளவு திரையிலோ ஒன்றுமில்லாத தாளாகத் தெரியும். இதற்காக மூடுபனியைக் கைவிட வேண்டியதில்லை, எதை அனுப்புகிறோம் என்பதை மாற்றினால் போதும். கைபேசியில் படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். சரிவின் கோடோ ஒரு சில்வர் ஓக் மரத்தின் கருமையோ அப்போதும் கண்ணில் பட்டால் அதை அனுப்புங்கள்.

ஒளிப்படம் எடுப்பதில் நம் ஊருக்கே உரிய ஒரு வில்லங்கம் உண்டு. மேகம் மூடிய நாளின் பரவலான ஒளி நிழல் விழாமல் எடுக்க மிகவும் ஏற்றது. ஆனால் அதே ஒளி வெள்ளைத் தாளை நீலம் பாய்ந்ததாகக் காட்டும். படத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளை அட்டையை வைத்து எடுத்து, அது வெள்ளையாகத் தெரியும்வரை நிறத்தைச் சரிசெய்த பின் அட்டையை வெட்டிவிடுங்கள். கண்ணாடி போடுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பிளாஷ் கூடவே கூடாது.

மூன்று படங்களைக் கேட்டால், மூன்றும் ஒரே கை வரைந்தவையாக இருக்கட்டும். ஒரு நிலக்காட்சி, ஒரு முகம், ஒரு பூச்சாடி என்று அனுப்புபவரைத் திறமைசாலி என்று நடுவர் நினைப்பதில்லை. இன்னும் தேடிக்கொண்டிருப்பவர் என்றே நினைக்கிறார். நாட்டின் கலை அமைப்பான லலித் கலா அகாதெமியின் தேசியக் கண்காட்சி போன்ற இடங்களில் நீர்வண்ணம் பெரிய எண்ணெய் வண்ண ஓவியங்களோடும் சிற்பங்களோடும் சேர்த்துப் பார்க்கப்படும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். நீர்வண்ணத்துக்கென்றே நடத்தப்படும் போட்டிகளிலிருந்து தொடங்குவது நல்லது.

பூம்பாறைக்காரி:
நண்பர் சொன்ன வழி வேண்டாம் ஐயா. தோடர் பூத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு, அதாவது அந்த இடத்துக்கே உரிய பொருள் என்ற சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக அதைத் தைப்பவர்கள் அந்தச் சமூகத்துப் பெண்கள். குறும்பர் ஓவியம் உங்கள் கோத்தகிரிப் பக்கத்து வெள்ளரிக்கொம்பையிலேயே வாழும் மரபு. செம்மண், கரி, இலைச்சாறு, வேங்கைப் பிசின் என்று காட்டிலிருந்து நிறமெடுத்து வரைய அவர்களுக்குள்ளேயே ஓவியர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய உருவங்களை நம் படத்தின் ஓரத்தில் ஒட்டவைப்பது முறையன்று, நன்றாகவும் இருக்காது.

என் கதையைச் சொல்கிறேன். 2018-இல் குறிஞ்சி பூத்தபோது நானும் மலை முழுவதையும் நீலமாக வரைந்து அனுப்பினேன். மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் அந்தச் செடி, பூத்துக் காய்த்ததும் பட்டுப்போகும். மறு ஆண்டு அந்தக் காய்ந்த குச்சிகளை, பழுப்பும் சாம்பலுமாக மூன்று படங்கள் வரைந்தேன். அவற்றில் இரண்டு தேர்வாயின. சுற்றுலா வருபவர் பூவைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்; குச்சியைப் பார்க்க இங்கேயே இருந்தாக வேண்டும் அல்லவா? உங்கள் பக்கத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று யோசியுங்கள்.

ஃபிரேம் கடை, உதகை:
பூஞ்சைக்கு மட்டும் பதில். தாள் கண்ணாடியைத் தொடவே கூடாது. இடையில் மவுண்ட் போர்டு, அதாவது படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை, கட்டாயம். பின்பக்கம் ஹார்ட்போர்டை நேரடியாக வைத்தால் அதிலுள்ள அமிலம் தாளைப் பழுப்பாக்கும் என்பதால், நடுவில் அமிலமற்ற அட்டை ஒன்றைக் கொடுங்கள். நன்கு காயாத படத்தை மழை நாளில் சட்டமிட்டு மூடினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். சட்டமிடாத படங்களை மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, அவ்வப்போது ஜெல்லைச் சூடாக்கி உலர்த்துங்கள். தாள் நெளியாமலிருக்க, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள பருத்தித் தாளாகவே இருந்தாலும், நனைத்துப் பலகையில் ஒட்டி இழுத்துக் காயவைத்த பிறகு வரையுங்கள். மலையிறக்கத்தில் கண்ணாடி பிழைப்பது அரிது. அனுப்புவதற்கு அக்ரிலிக் ஷீட் போடுங்கள். கரிக்கோல், பேஸ்டல் படங்களுக்கு மட்டும் அது ஆகாது, பொடியை மேலே இழுத்துக்கொள்ளும்.

கோத்தகிரி வாசி:
மூவருக்கும் நன்றி. தபால்தலைச் சோதனையை நேற்றிரவே செய்தேன். அனுப்பிய ஒன்பது படங்களில் ஒன்றுதான் தேறியது. பூம்பாறை அம்மா கேட்ட கேள்விக்கு இன்று காலை ஒரு விடை கிடைத்தது போலிருக்கிறது. ஜனவரியில் உறைபனி விழுந்து கருகிய தேயிலை, பச்சைச் சரிவின் நடுவே துருப்பிடித்த தகரம்போல் கிடக்கும். இத்தனை ஆண்டுகளில் அதை ஒருமுறைகூட நான் வரைந்ததில்லை, நட்டத்தை யார் வரைவார்கள் என்ற எண்ணம்தான். ஒரு சிறு ஐயம்: அகலம் 75 சென்டிமீட்டருக்கு மிகக்கூடாது என்று விதியில் இருந்தால், அது தாளின் அளவா, சட்டத்தின் அளவா?

குன்னூர் ஓவிய ஆசிரியர்:
“சட்டம் உட்பட” என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர்களிடம் எழுதிக் கேட்டுவிட்டுத் தாளை வெட்டுங்கள். மவுண்ட்டும் சட்டமும் ஒவ்வொரு பக்கமும் எட்டு சென்டிமீட்டராவது எடுத்துக்கொள்ளும்.