"போர்ட்டல்ல பேர் குடுக்கப் போறேன்ப்பா": கல்லூரி மாறும் விளையாட்டுப் பிள்ளைகள், உங்கள் அனுபவம் என்ன?

கொலம்பஸ் அப்பா எழுதியது:

2024 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோசைக் கல்லில் மாவை ஊற்றிய நேரத்தில் மகள் போன் செய்தாள். "அப்பா, போர்ட்டல்ல பேர் குடுக்கப் போறேன்." அந்தத் தோசையை அப்புறம் யாரும் சாப்பிடவில்லை.

அவள் வாலிபால் ஆடுகிறாள், லிபரோ, அதாவது பின்வரிசையில் மட்டும் நின்று பந்தை எடுத்துக் கொடுப்பவள். அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் அப்போது இரண்டாம் ஆண்டு. அவளை எடுத்த கோச் எங்கள் வீட்டுக்கே வந்து, சாம்பார் சாதத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, "நாலு வருஷம் உங்க பொண்ணு என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனவர். முதல் சீசன் முடிந்ததும் இதைவிடப் பெரிய கல்லூரிக்குப் போய்விட்டார். புதிதாக வந்த கோச் தனக்குத் தெரிந்த மூன்று பெண்களைக் கூட்டிவந்தார். இரண்டாவது சீசன் முழுக்க என் மகள் கோர்ட்டில் கால் வைத்தது மொத்தம் ஒன்பது செட்.

போர்ட்டல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: கல்லூரி மாற விரும்பும் விளையாட்டு மாணவர்களின் பெயர்ப் பட்டியல் அது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு 2018 அக்டோபரில் தொடங்கியது. அதற்கு முன்பு, வேறு கல்லூரியோடு பேசி உதவித்தொகை வாங்கவே இப்போதிருக்கும் கல்லூரியின் அனுமதி வேண்டும். இப்போது பிள்ளை சொன்னால் போதும், இரண்டு வேலை நாளுக்குள் பெயரை ஏற்றியாக வேண்டும். அதன் பிறகு எந்தக் கோச்சும் கூப்பிடலாம்.

நான் கத்தினேன். திண்டுக்கல் பக்கம் ஒரு ஊரில் வாலிபால் ஆடி மாவட்ட அணி வரை போனவன் நான். முதல் இரண்டு வருடம் பந்து பொறுக்கிப் போட்டதுதான் என் ஆட்டம். பி.டி. மாஸ்டர் பிரம்பால் கணுக்காலில் தட்டுவார். மறுநாளும் போய் நின்றோம். இதையெல்லாம் சொல்லி, "ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு இருக்காத, ஒரு இடத்துல நின்னு பாரு" என்றேன்.

அவள் நிதானமாகக் கேட்டாள்: "கோச் போனப்ப நீங்க என்ன சொன்னீங்க? அவருக்கு நல்ல வாய்ப்பு, நாம சந்தோஷப்படணும்னு சொன்னீங்க."

சொன்னேன்தான். வாழ்த்தி மின்னஞ்சல்கூட அனுப்பியிருந்தேன்.

அடுத்தது பக்கத்து வீட்டுக்காரர். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், எழுபதைத் தாண்டியவர், வாசலில் வருடம் முழுக்க எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகமான ஒஹாயோ ஸ்டேட்டின் கொடி பறக்கும். பனி அள்ளும்போது அவரிடம் என் வயிற்றெரிச்சலைக் கொட்டினேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சீசன் உட்காரக்கூடப் பொறுமையில்லை, போர்ட்டல் விளையாட்டையே கெடுத்துவிட்டது என்றார். மனதுக்கு இதமாக இருந்தது.

சில வாரம் கழித்து, ஜனவரி 20 அன்று, கால்பந்து இறுதிப் போட்டி பார்க்க (நம் கால்பந்து இல்லை, இவர்களுடையது) அவர் வீட்டுக்குப் போனேன். ஒஹாயோ ஸ்டேட் 34-23 என்று நோட்டர் டேமை ஜெயித்தது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் வில் ஹோவர்ட் கேன்சஸ் ஸ்டேட்டிலிருந்து வந்தவர். ஓட்டக்காரர் குவின்ஷான் ஜட்கின்ஸ், ஓலே மிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து. தடுப்பாட்டத்தில் கேலப் டவுன்ஸ், 2024 ஜனவரியில் கோச் நிக் சேபன் ஓய்வு அறிவித்ததும் அலபாமாவை விட்டு வந்தவர். எதிரணிக் குவார்ட்டர்பேக் ரைலி லெனார்ட்கூட டியூக்கிலிருந்து வந்தவர்தான். மனிதர் ஒவ்வொருவரையும் "நம்ம பையன், நம்ம பையன்" என்று கத்தித் தொண்டை கட்டிக்கொண்டார். அவர் போட்டிருந்தது குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவின் ஜெர்ஸி, ஒஹாயோவின் தொழில்முறை அணியான பெங்கால்ஸுடையது. ஒஹாயோவில் வளர்ந்த பர்ரோ இதே ஒஹாயோ ஸ்டேட்டில் முதல் ஆட்டக்காரர் இடம் கிடைக்காமல் 2018-ல் எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்) போனவர். மறு சீசனில் 15 ஆட்டம், 15 வெற்றி, கல்லூரிக் கால்பந்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது. அதை ஞாபகப்படுத்தலாமா என்று நினைத்தேன். அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வது, சிப்ஸை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

மகள் கதை என்ன ஆனது என்பதை அப்புறம் சொல்கிறேன். முதலில் உங்கள் வீடுகளில், கல்லூரிகளில் நடந்ததைக் கேட்க வேண்டும்.

---

சும்மா வாசிப்பவன் எழுதியது:

கோச் போனா முன்னேற்றம், பிள்ளை போனா ஓடுகாலியா? 2021 நவம்பரில் கால்பந்து கோச் லிங்கன் ரைலி ஓக்லஹோமாவை விட்டு கலிபோர்னியாவின் யூஎஸ்சி போனார். பின்னாடியே போன அவர் ஆட்டக்காரர் கேலப் வில்லியம்ஸ் 2022-ல் ஹைஸ்மன் வாங்கினார். 2017 முதல் 2024 வரை அந்த விருது வாங்கிய எட்டுப் பேரில் ஆறு பேர் கல்லூரி மாறியவர்கள். எண்ணிப் பாருங்கள்.

---

பழைய ட்யூட்டர் எழுதியது:

நான் 2013 வாக்கில் தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன். கைச்செலவுக்கு விளையாட்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தேன். அப்போது கால்பந்து, கூடைப்பந்து மாதிரி சில விளையாட்டுகளில் கல்லூரி மாறினால் ஒரு வருடம் ஆட முடியாது. பயிற்சிக்கு வரலாம், ஆட்டத்தன்று பெஞ்சின் கடைசியில் கோட்டு போட்டு உட்கார வேண்டும். என்னிடம் வந்த கூடைப்பந்துப் பையன் ஒருவன் அப்படி ஒரு வருடம் உட்கார்ந்தான். அவனுக்கு வேலை என்ன தெரியுமா? ஒவ்வொரு வாரமும் எதிரணியின் நட்சத்திரம் மாதிரி ஆடிக் காட்டுவது. "இந்த வாரம் நான் யாருன்னு எனக்கே தெரியல சார்" என்பான். ஆனால் அந்த வருடத்தில்தான் அவன் கணக்கில் தேறினான். என்னிடம் நேரத்துக்கு வந்த ஒரே விளையாட்டு மாணவன் அவன்.

அவனைப் பார்த்து அன்றைக்கு நாங்கள் எல்லாரும் "என்ன பொறுமை!" என்றோம். இப்போது யோசித்தால், கதவைப் பூட்டி வைத்துவிட்டு உள்ளே இருப்பவனின் பொறுமையைப் பாராட்டியிருக்கிறோம். 2021-ல் அந்த விதி ஒரு முறைக்குத் தளர்ந்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் தலையிட்டது. 2024 ஏப்ரலில், படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி உடனே ஆடலாம் என்றாகிவிட்டது.

"படிப்பு ஒழுங்காக" என்ற இடத்தில்தான் என் இன்றைய வேலை இருக்கிறது. இப்போது வேறொரு கல்லூரியில் கல்வி ஆலோசகராக இருக்கிறேன். மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டப்படிப்பில் 40 விழுக்காடு முடித்திருக்க வேண்டும், நான்காம் ஆண்டுக்கு 60, ஐந்தாம் ஆண்டுக்கு 80. கல்லூரி மாறினால் பழைய கிரெடிட் எல்லாம் கூட வராது. வந்தாலும் பட்டத்துக்குள் பொருந்தாது. போன வருடம் ஒரு கால்பந்துப் பையன், ஐந்து வருடத்தில் நான்காவது கல்லூரி. பொறியியலில் ஆரம்பித்தவன். அவன் கிரெடிட்டுகளை மேசையில் பரப்பி, இவை எந்தப் பட்டத்தில் உட்காரும் என்று இரண்டு மணி நேரம் தேடினோம். கடைசியில் பொதுப்படிப்பு என்று ஒன்றில் அடங்கியது. எனக்கு மனசு கேட்கவில்லை, "வருத்தமா இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் அல்லவா, அந்தப் பணத்தில் அம்மாவின் வீட்டுக் கடனை அடைத்துவிட்டேன் என்றான். அதற்கு மேல் நான் என்ன ஆலோசனை சொல்வது?

இன்னொன்று. விவாதம் வந்தால் எல்லாரும் அலபாமாவின் குவார்ட்டர்பேக்காக இருந்த ஜேலன் ஹர்ட்ஸை இழுப்பார்கள். 2018 ஜனவரியில் தேசிய இறுதிப் போட்டி, எதிரணி ஜார்ஜியா. பாதி ஆட்டத்தில் அலபாமா அவரை உட்காரவைத்துவிட்டு டுவா டாகோவைலோவாவை இறக்கி ஜெயித்தது. கிளம்பிவிடுவார் என்றார்கள், இருந்தார். அதே டிசம்பரில் அதே அட்லாண்டா மைதானம், அதே ஜார்ஜியா. டுவா காயப்பட, ஹர்ட்ஸ் இறங்கி ஜெயித்துக் கொடுத்தார். பட்டப்படிப்பை முடித்துக்கொண்டு ஓக்லஹோமா போனார். 2025 பிப்ரவரியில், தொழில்முறைக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான். "பொறுமையாக இரு" என்று சொல்ல வந்த அப்பாவும் என் அறையில் அவரைக் காட்டினார், "நான் கிளம்புறேன்" என்ற மகனும் அவரையே காட்டினான். ஒரே நாள், ஒரே சோபா.

---

கோர்ட் 5 எழுதியது:

நான் சென்னையிலிருந்து டென்னிஸ் உதவித்தொகையில் வந்தவன். கல்லூரி டென்னிஸில் ஆறு ஒற்றையர் இடம். எனக்கு நான்கு வருடமும் ஐந்தாம் இடம். மேலே ஏறவில்லை, கீழே இறங்கவுமில்லை.

எங்கள் தலைமுறைக்குச் சோம்தேவ் தேவ்வர்மன்தான் சாமி. சென்னையில் வளர்ந்தவர், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் ஆடினார். 2006-ல் என்சிஏஏ ஒற்றையர் இறுதியில் தோற்று, 2007-ல் ஜான் இஸ்னரை வென்று, 2008-லும் பட்டம் வாங்கினார். அப்பா போனில் வாரம் ஒரு முறை இந்தக் கதையைச் சொல்வார். அப்பாவுக்கு அதன் சாரம்: தோற்ற இடத்திலேயே நின்றான், ஜெயித்தான்.

நானும் நின்றேன். எல்லாரும் "விடாமுயற்சி" என்றார்கள். உண்மையைச் சொன்னால் பயம். விசா இருந்தது, அதற்குக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தை மாற்ற வேண்டும், நடுவில் உதவித்தொகை போனால் திரும்பி ஊருக்குத்தான். வீட்டில் கடன் வேறு. "போனான், வந்துட்டான்" என்று தெருவில் சொல்வார்களே, அதை நினைத்தாலே வயிற்றைக் கலக்கும். என்னோடு ஆடிய ஸ்பெயின்காரன் இரண்டாம் வருடமே வேறு கல்லூரிக்குப் போய் அங்கே முதல் இடத்தில் ஆடினான். அவன் பையைக் கட்டிய அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. பொறாமைதான்.

நான்கு வருடம் இருந்ததில் வருத்தமும் இல்லை. கடைசி ஆட்டத்துக்கு கோச் என் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டுக் கோர்ட்டைச் சுற்றிக் காட்டினார். அன்றும் ஐந்தாம் கோர்ட்தான். தோற்றேன்.

---

ரேலி அம்மா எழுதியது:

நின்றவர்கள் கதை ஒன்று என்னிடமும் இருக்கிறது. மகன் நீச்சல். உதவித்தொகை கிடையாது, நாங்களே முழுக் கட்டணமும் கட்டி அணியில் இருந்தவன். மூன்று வருடம் காலை ஐந்தரை மணிப் பயிற்சி. ஒரு நாள் தவறவில்லை, காய்ச்சலோடு போய் என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறான். 2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட சமரசத்துக்குப் பிறகு கல்லூரிகள் விளையாட்டு மாணவர்களுக்கு நேராகவே பணம் தரலாம் என்றானது. கூடவே ஒவ்வோர் அணியிலும் இத்தனை பேர்தான் என்று உச்சவரம்பும் வந்தது. இவனை மாதிரிக் கடைசி வரிசைப் பிள்ளைகளை எடுத்துவிட்டார்கள். பத்து நிமிட ஜூம் சந்திப்பு. கேமராவை அணைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான், "சரிம்மா" என்றான். அவ்வளவுதான்.

நான்தான் மூன்று வருடமும் "இரு, இரு" என்று சொன்னவள். இப்போது அவன் போர்ட்டலிலும் பெயர் கொடுக்கவில்லை, உள்ளூர்க் குளத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தருகிறான். காலை ஐந்தரைக்கு இன்னும் விழிப்பு வந்துவிடுகிறதாம்.

---

கொலம்பஸ் அப்பா எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். கோர்ட் 5 எழுதியதை இரண்டு முறை. எங்கள் ஊரில் நான் நின்றதற்கு ஒரு காரணம், வேறு டீம் இல்லை. இருந்த இன்னொரு டீமும் பக்கத்து ஊர்க்காரர்களுடையது, அங்கே போயிருந்தால் வீட்டில் சோறு கிடைத்திருக்காது. பிரம்படிக் கதையில் இதை நான் மகளிடம் சொன்னதே இல்லை.

சரி, மகள் கதை. என் பேச்சை மீறிப் பெயர் கொடுத்துவிட்டாள். பெயர் கொடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு உதவித்தொகையைப் பழைய கல்லூரி நிறுத்திக்கொள்ளலாம், நிறுத்தினார்கள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவள் போனை மேசையில் மல்லாக்க வைத்துக்கொண்டே சாப்பிட்டாள். முதல் இரண்டு வாரம் அது அடிக்கவே இல்லை. கூடப் பெயர் கொடுத்த இரண்டு பெண்களுக்கு அன்றே அழைப்பு. எதிர்த்த நானே ராத்திரி எழுந்து அவள் போன் சார்ஜில் இருக்கிறதா என்று பார்த்தேன்.

திருச்சியிலிருந்து என் அப்பா பேசினார். பொன்மலை ரயில்வே பணிமனையில் 36 வருடம் ஒரே பிரிவில் இருந்தவர். அவர் பேத்தியை நல்லதாக நாலு வார்த்தை திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனைக் கொடுத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "இறங்கிட்டியாம்மா? சரி, அடுத்த பஸ் எப்ப?" அவள் சிரித்துவிட்டு அழுதாள். அந்த மாதத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

இருபத்துமூன்றாம் நாள் இண்டியானாவில் ஒரு சின்னக் கல்லூரி கூப்பிட்டது. பாதி உதவித்தொகை. எட்டு கிரெடிட் ஏற்கவில்லை, கோடையில் உள்ளூர் சமுதாயக் கல்லூரியில் அதைத் திரும்பப் படித்தாள். பணம் என் பையிலிருந்து போனது.

இந்த அக்டோபரில் நான்கு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் லிபரோ ஜெர்ஸி இவளுக்கு இல்லை, வேறொரு பெண் போட்டிருக்கிறாள். இவள் பின்வரிசைக்கு மாற்றாக இறங்குகிறாள், சர்வீஸ் போடுகிறாள், வெளியே வருகிறாள். அன்று நான்கு செட்டிலும் இறங்கினாள். ஒரு பந்தை விழுந்து எடுத்தாள் பாருங்கள், நான் எழுந்து தமிழில் கத்திவிட்டேன், முன்வரிசைக் குடும்பம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ஆட்டம் முடிந்து பார்க்கிங்கில் அவளிடம் கேட்டேன், இங்கேயும் முதல் இடம் இல்லையே, பரவாயில்லையா என்று. "இங்க கோச் ஏன் உக்கார வைக்கிறேன்னு காரணம் சொல்றாங்கப்பா" என்றாள். கொண்டுபோன புளிச்சாதத்தைக் காரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

கிளம்பும்போது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், அடுத்த வருடமும் இங்கேதானே என்று கேட்டேன்.

"கோச் இருந்தா இருப்பேன்."