மறு: 'லிபரோ'வுக்கு என்ன சொல்? வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். கால்பந்துப் பயிற்றுநர் கையேட்டை மொழிபெயர்த்து வருகிறேன். அணி தன் காவல் முறையை மாற்றும்போது மூத்த காவலரின் பணி என்ன ஆகும் என்ற அதிகாரத்தில் நிற்கிறேன். ஆளுக்கு ஆள் காவலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எதிராளி உண்டு. லிபரோவுக்கு மட்டும் கிடையாது. எல்லாருக்கும் பின்னால் நின்று, தப்பி வருவதை அடைப்பார். கால் தளர்ந்தாலும் கண் கூர்மையாக இருந்தால் போதும் என்பதால் வயதான வீரர்களுக்கு அது புகலிடமாயிற்று. 1990இல் நடுக்கள வீரராக உலகக் கோப்பையை ஏந்திய ஜெர்மனித் தலைவர் லோதர் மத்தேயுஸ், 2000 ஐரோப்பியக் கோப்பையில் 39 வயதில் லிபரோவாக ஆடினார். வரைவில், ஆங்கில 'ஸ்வீப்பர்' என்பதன் நேர் மொழிபெயர்ப்பாகப் 'பெருக்குநர்' என்று இருக்கிறது. பதிப்பாசிரியர் ஏற்கவில்லை.

* * *

தம்பி, 'கூழை' இருக்கக் கவலை எதற்கு? தார் முன்னணிப் படை, கூழை பின்னணிப் படை. 'யாவிர் ஆயினும் கூழை தார் கொண்டு யாம்பொருதும் என்றல் ஓம்புமின்' என்று ஔவையார் அதியமானின் பகைவரை எச்சரிக்கிறாரே (புறம் 88). பின்னால் நிற்பவர் கூழையர், முன்னால் தாக்குபவர் தாரர். யாப்பையும் பாருங்கள்: கூழைத் தொடையில் முதல் மூன்று சீர்களும் தொடையால் இணைந்திருக்க, கடைசிச் சீர் மட்டும் கட்டில்லாமல் நிற்கிறது. லிபரோவின் இலக்கணமே அதுதான்!

* * *

ஐயா, நான் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவள். புறநானூறு எனக்கும் உயிர். ஆனால் இன்று கூழை என்றால் கூழைக்கும்பிடுதான் நினைவுக்கு வரும். அணியிலேயே மூத்தவரை அப்படி அழைக்க எனக்கு வாய் வராது. 'லிபரோ' என்றே எழுதிவிடலாம். கோல், பெனால்டி எல்லாம் தமிழில் வாழவில்லையா?

* * *

அம்மா, கோலை விட்டோம், பெனால்டியை விட்டோம். இனி எதைத்தான் காப்பது? 'கடைக்காவலர்' என்று சொல்லலாமே. கடை என்றால் வாயில். கடைத்தலை என்ற சொல்லும் உண்டு. அதே அதிகாரத்தில், எதிராளியை அல்லாமல் அவரவர் பகுதியைக் காக்கும் முறைக்கு வரும் 'மண்டலக் காவல்' என்பதையும் நீக்குங்கள். மண்டலம் வடசொல், 'வட்டகைக் காவல்' நன்று. 'இடக்காவல்' மட்டும் வேண்டாம், இடது பக்கத்துக் காவலரோடு குழம்பும்.

* * *

கடைக்காவலர் என்றால் கடைக்கு வெளியே தடியோடு நிற்பவர்தான் கண்ணில் படுவார். தவிர, கடைசியில் நிற்பவர் கோல் காப்பாளர் அல்லவா? லிபரோ என்ற இத்தாலியச் சொல்லுக்கே 'கட்டற்றவர்' என்றுதான் பொருள். 'விடுகாவலர்' என்று வைக்கலாம்.

* * *

விடுகாவலர் வினைத்தொகை. விட்ட காவலர், விடுகின்ற காவலர், விடும் காவலர் என்று விரியும். முக்காலத்திலும் பந்தைக் கோட்டைவிடுபவரா?

* * *

மீண்டும் பயிற்சியாளர். எல்லாரும் அவர் நிற்கும் இடத்துக்கே பெயர் தேடுகிறீர்கள், வேலைக்குத் தேடுங்கள். மண்டலக் காவலுக்கு மாறிய அணியில் நால்வரும் ஒரே கோட்டில் ஏறி இறங்க வேண்டும். பழைய லிபரோவுக்கோ, எதிரணி பந்தை எடுத்ததும் கால் தானாக இரண்டடி பின்வாங்கும். மற்ற மூவரும் முன்னேறி, எதிராளி தங்கள் கோட்டைத் தாண்டி நிற்கிறார் என்று ஆப்சைடு கேட்டுக் கையைத் தூக்குவார்கள். கொடி எழாது, ஏனென்றால் பின்தங்கிய அந்த ஒருவர்தான் எதிராளிக்கு வழி திறந்திருக்கிறார். நேற்றுவரை அணியைக் காத்த பழக்கம் இன்று அதே அணியைக் கவிழ்க்கிறது. திறமை போய்விடவில்லை, பணி போய்விட்டது. வயதைக் காட்டி அவரை உட்கார வைப்பது அநியாயம். புது வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். 1987இல் அரிகோ சாக்கி இத்தாலியின் மிலான் அணிக்குப் பயிற்சியாளராக வந்தபின், லிபரோவாக இருந்த பிராங்கோ பரேசி அந்தக் கோட்டையே நடத்தும் தலைவரானார். ஆகவே மாறுவதற்கு முன் ஒரு பெயர், பின் ஒரு பெயர் என்று இரண்டு வேண்டும். ஒருவருக்கும் தனியாக உரியவரல்லர், எல்லாருக்கும் பொது என்பதால் முதலாவதற்குப் 'பொதுக் காவலர்' என்பேன். இரண்டாவதற்கு 'வரிசைத் தலைவர்'.

* * *

நன்றி அம்மா. இதுவரை ஆறு பேர் 'பொதுக் காவலர்' போதும் என்று எழுதியிருக்கிறார்கள், அவர்களில் இருவர் தூக்கக் கலக்கத்தில். முதல் இடத்தில் மட்டும் 'பொதுக் காவலர் எனப்படும் லிபரோ' என்று எழுதி அனுப்புகிறேன். மண்டலம் அப்படியே இருக்கட்டும்.

* * *

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பொதுக் காவலர் என்றால் ஊர்க்காவல் படை என்றுதான் படிப்பார்கள். கும்பிடு கெட்டதற்காகக் கூழையைக் கைவிடுவதா? அடுத்த பதிப்பிலாவது பரிசீலியுங்கள். 'தாரர்' பற்றி ஒருவரும் கருத்துச் சொல்லவில்லை.