பொதுக் கணக்கில் தொகை எழுதும் முறை

சித்தி: தம்பி, நம் குடும்பத்தின் பொதுக் கணக்கில் "1.250 போட்டுவிட்டேன்" என்று எழுதியிருக்கிறாயே. ஒன்றே கால் எதற்கு?

தம்பி: ஆயிரத்து இருநூற்று ஐம்பது யூரோ சித்தி! ஜெர்மனியில் ஆயிரத்துக்குப் புள்ளி, சில்லறைக்குத்தான் காற்புள்ளி. ரசீதிலேயே 1.250,50 என்றுதான் வரும்.

அண்ணன்: குவைத்தில் 1.250 என்றால் ஒன்றே கால் தினார்தான். ஆயிரம் ஃபில்ஸ் ஒரு தினார், ஆகவே புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம். நான் அப்படித்தான் படித்தேன். "இவ்வளவு கஞ்சனா இவன்" என்றுகூட நினைத்தேன்.

தம்பி: 😂

அக்கா: மாமா, நீங்கள் எழுதிய "500 டாலர்" எந்த டாலர்?

மாமா: நான் சிங்கப்பூரில் இருப்பது உனக்குத் தெரியாதா?

அக்கா: எனக்குத் தெரியும். கனடா அத்தையும் டாலர் என்றுதானே எழுதுகிறார்? ரூபாயும் அப்படியே. இந்தியா, இலங்கை, நேபாளம், மொரீஷியஸ், எல்லா இடத்திலும் ரூபாய்.

தம்பி: அதற்குத்தானே மூன்றெழுத்துக் குறியீடு இருக்கிறது! ஐஎன்ஆர், எல்கேஆர், எஸ்ஜிடி, சிஏடி. பெரும்பாலும் முதல் இரண்டு எழுத்து நாடு, மூன்றாவது பணம்.

பெரியப்பா: நல்லது, தொகைக்கு முன்னால் அதைப் போடுங்கள். புள்ளி சில்லறைக்கு மட்டும். நாற்பதாயிரத்துக்கு "40 கே" என்பது போன்ற சுருக்கம் வேண்டாம்.

மாமா: காற்புள்ளி? நான் 150,000 என்று எழுதுகிறேன், நீங்கள் 1,50,000 என்கிறீர்கள்.

பெரியப்பா: இரண்டும் ஒன்றரை லட்சம்தான். ஆனால் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக வந்தால், கூட்டுகிறவர் ஒவ்வொரு சைபராக விரல் வைத்து எண்ண வேண்டும். பாதிப் பேர் வெளிநாட்டில் இருப்பதால் 150,000 என்றே வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பிடிக்கவில்லைதான்.

சித்தி: எழுத்திலும் எழுத வேண்டுமா?

பெரியப்பா: பெரிய தொகைக்கு அவசியம். காசோலையில் எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் இருப்பதே செல்லும். இந்தியாவில் 1881ஆம் ஆண்டுச் சட்டமே அப்படிச் சொல்கிறது.

தம்பி: சரி பெரியப்பா. ஈயூஆர் 1,250.00, ஆயிரத்து இருநூற்று ஐம்பது யூரோ.

அக்கா: பழைய வரிகளை அவரவரே திருத்திவிடுங்கள்.

பெரியப்பா: அழிக்காதீர்கள். பழைய தொகையின்மேல் ஒரு கோடு, பக்கத்தில் புதியது, கீழே கையெழுத்து.

அண்ணன்: கணக்கு கைப்பேசியில் இருக்கிறது பெரியப்பா.

பெரியப்பா: அதனால் என்ன? பெயரைத் தட்டச்சு செய்.