புதுப்பிப்பு: ராஸ்பெரி பை 4-இல் பாதியில் நின்ற பிட்காயின் நோடு சரியாகிவிட்டது

பெருந்துறை வீட்டில் 8 ஜிபி ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கணினியும் 1 டிபி எஸ்எஸ்டியும் வைத்து அமைத்த பிட்காயின் முழு நோடு (பிட்காயின் பரிவர்த்தனைப் பதிவு முழுவதையும் தானே சரிபார்க்கும் கணினி), அந்தப் பதிவைத் தரவிறக்கிச் சரிபார்க்கும் ஒத்திசைவின் நடுவே அடிக்கடி நின்றுபோவதாகவும், இதைக் கைவிட்டு இன்டெல் என்100 சில்லு கொண்ட மினி கணினி வாங்கலாமா என்றும் சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மினி கணினி தேவைப்படவில்லை.

பலித்தது, பதில் எழுதியவர்களில் ஒருவரான கோபி அண்ணனின் யோசனைதான். அவர் சொன்னபடி, ராஸ்பெரி பையின் மின்னழுத்த, வேக நிலையைக் காட்டும் 'விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்டு' கட்டளையை இட்டதும் 0எக்ஸ்50000 என்று வந்தது. அதாவது, இடையில் மின்னழுத்தம் குறைந்ததும் அதனால் வேகம் மட்டுப்பட்டதும் பதிவாகியிருந்தன. நான் செருகியிருந்தது மேசை இழுப்பறையில் கிடந்த பழைய கைப்பேசி சார்ஜர். 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டருக்கு மாற்றி, டிபிகேஷை (நோடு தற்காலிகமாகப் பயன்படுத்தும் நினைவக அளவு) 4000 எம்பி ஆக்கிய பின் ஒன்பது நாளில் ஒத்திசைவு முடிந்தது.

எதிர்பாராதது இன்வெர்ட்டர். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நின்ற அன்று, விளக்குகள் அணையாதபோதும் ராஸ்பெரி பை மட்டும் மறுதொடக்கமாகி செயின்ஸ்டேட் (இன்னும் செலவாகாத பிட்காயின்களின் தரவுத்தளம்) கெட்டுப்போக, அதை மீண்டும் கட்டமைக்க இரண்டு நாள் வீணானது. இன்வெர்ட்டரின் பின்புறச் சிறு சுவிட்சை பேட்டரிக்கு இன்னும் விரைவாக மாறும் 'யுபிஎஸ்' பக்கம் தள்ளிய பிறகு, அடுத்த மின்தடையில் ராஸ்பெரி பை அசையவில்லை.

பழைய மேசைக்கணினியையே ஓட்டச் சொன்னவர்களுக்கு: அது 80 வாட் இழுத்தால் இரண்டு மாதத்தில் 115 யூனிட், இலவச 100 யூனிட் அதற்கே போதாது. இப்போது அளவி காட்டும் 8 வாட்டுக்கு ஏறத்தாழ 11.5 யூனிட்தான். ஒத்திசைவு முடிந்ததும் டிபிகேஷை இயல்பு அளவுக்கே இறக்கிவிட்டேன்.