கரைக் கரண்டுல பச்சை வயரை வெட்டலாமா? (ஹாபர்ல போட்டைக் கட்டிட்டு வீட்ட போறவங்களுக்கு)

வயர்மன்_வாழைச்சேனை:
நேற்று இங்க ஒருத்தர் எழுதியிருந்தார்: "பொங்கலுக்கு வீட்ட போகக்குள்ள போட்டுக்கு ஜெட்டியில இருந்து இழுக்கிற கரைக் கரண்டைக் குடுத்திட்டுப் போங்க, அடித்தண்ணியை இறைக்கிற பில்ஜ் பம்ப் ஓடணும். ஆனா வயர்ல இரிக்கிற பச்சையை வெட்டி விடுங்க, அப்பதான் புரொப்பலர் சாஃப்ட் அரிக்காது." அதுக்குக் கீழ ஆளாளுக்கு நன்றி வேற. வாசிச்சதில இருந்து மனம் ஆறல்ல. பச்சைதான் எர்த். அதை வெட்டச் சொல்றது ஆளைச் சாகச் சொல்றது.

நாசிவன்தீவான்:
அந்த ஒருத்தர் நான்தான். பேரைச் சொல்லியே எழுதுங்க, எனக்குப் பயமில்ல. பக்கத்தில இரும்பு போட் ஒண்டு வந்து கட்டின பிறகு சாஃப்ட்டுக்குப் பதிலா அரிபடட்டும் எண்டு பூட்டியிருந்த என்ட சிங்க் கட்டி ஓட்டை ஓட்டையாக் கரைஞ்சு போல்ட் மட்டும் மிஞ்சிச்சு. பச்சையை வெட்டினன், கரைச்சல் நிண்டுட்டு. கண்ணால கண்டது.

வயர்மன்_வாழைச்சேனை:
கட்டி கரையல்ல எண்டு யார் சொன்ன? ரெண்டு போட்டுட எர்த்தும் ஜெட்டி கரண்ட் போர்ட்டுல ஒண்டாச் சேருது. இடையில கடல் தண்ணி. உங்கட சிங்க் பக்கத்துப் போட்டுட இரும்பையும் சேர்த்துக் காப்பாத்திச்சு, அதான் தேய்ஞ்சிச்சு. அதுக்கு மருந்து கல்வனிக் ஐசோலேட்டர். பச்சை வயர்ல தொடுக்கிற டயோட் பெட்டி. ஏறக்குறைய 1.2 வோல்ட் வரைக்கும் மறிக்கும், சிங்குக்கும் வெண்கலத்துக்கும் இடையில ஒரு வோல்ட்டே வராது. 230 வோல்ட் கசிஞ்சா மறிக்காது, கரைக்கு விட்டிரும். வெட்டினா அரிப்பு நிக்கும், கசிவு கரைக்குப் போற வழியும் போச்சு.

ஒலுவில்_காக்கா:
தம்பி, ஜெட்டியில 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இரிக்கி. கசிஞ்சா விழும். பிறகு எதுக்கு எர்த்?

வயர்மன்_வாழைச்சேனை:
காக்கா, எர்த் இரிந்தா கசிஞ்ச உடனே விழும். எர்த் இல்லாட்டி ஆள் தொடுமட்டும் காத்துக்கிட்டு நிக்கும். உப்புக் காத்துல அந்த சுவிச் இறுகிப் போறதும் உண்டு. அதில 'டி' எண்டு ஒரு சோதனைப் பொத்தான் இரிக்கி, கடைசியா எப்ப அமத்திப் பார்த்தீங்க?

கல்லடி_மச்சான்:
எதுக்கு இந்தக் கரைக் கரண்ட்? 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினாங்களே, அப்ப உங்கட பம்புக்கு ஆர் கரண்ட் தந்த? 100 வாட் சோலார் தகடு ஒண்டு போடுங்க, சண்டையே இல்ல.

வயர்மன்_வாழைச்சேனை:
மார்கழி அடைமழையில உங்கட தகடு என்ன தரும்? மழை கொட்டக்குள்ளதான் பம்பும் கூட ஓடும். 4 அம்பியர் இழுக்கிற பம்ப் விடாம ஓடினா 100 அம்பியர்-மணி பற்றரி ஒரு நாளைக்குத்தான். நாலு நாள் வீட்ட நிக்கிறவனுக்குக் கரைக் கரண்ட் வேணும். சார்ஜரும் நிறைஞ்ச பிறகு 13.5 வோல்ட்டுக்கு இறங்கி நிக்கிற சாதி வேணும். பழைய டிரான்ஸ்ஃபோமர் சார்ஜரை விட்டுட்டுப் போனா பற்றரித் தண்ணி கொதிச்சு வத்தி, கேஸ் எஞ்சின் அறைக்குள்ள நிக்கும், ஒரு பொறி காணும். அது வேற கதை. இப்ப கதை பச்சை வயர்.

நாசிவன்தீவான்:
பச்சை, பச்சை, பச்சை. இவர் வயர் இழுத்த போட்டுல ரெண்டு கால் பிளக்கைச் சொருக மேல் ஓட்டைக்குள்ள பேனை மூடியைக் குத்தி வெச்சிருந்ததை நான் பார்த்தவன். அதில எர்த் எங்க ஓடின?

வயர்மன்_வாழைச்சேனை:
அதைக் குத்தினது போட்காரன். நான் போட்டது மூணு கால் பிளக். வேலை முடிச்சுக் குடுத்த பிறகு வாறவன் போறவன் செய்யிறதுக்கு என்ட பேரை இழுக்காதீங்க.

ஒலுவில்_காக்கா:
இங்க ஒருத்தருக்கும் பச்சையால ஒண்டும் நடக்கல்ல. சும்மா பயம் காட்டுறீங்க.

வயர்மன்_வாழைச்சேனை:
உங்கட ஹாபர் வாயை மண் மூடி போட் போக வழியில்லாமக் கிடந்திச்சு. கட்டுறதுக்குப் போட் இல்லாத இடத்தில என்ன நடக்கும்?

ஒலுவில்_காக்கா:
மண்ணைப் பத்தி நீங்க கதைக்காதீங்க. 2013ல திறந்த ஹாபர், அதால கரையைக் கடல் திண்டு தென்னந்தோப்பு இழந்தவங்க நாங்க. அது உங்களுக்குச் சண்டைக்கு எடுக்கிற சாமானா? திருப்பி எடுங்க அந்தச் சொல்லை.

வயர்மன்_வாழைச்சேனை:
காக்கா, நான் சொல்றது தண்ணிக் கதை. ஆத்து வெள்ளம் இறங்கினா வாழைச்சேனையில உப்பு செத்துப் போகும். உப்புத் தண்ணியில கரண்ட் மனுசனை விட்டுட்டுத் தண்ணியால ஓடும். நன்னீர்ல மனுச உடம்புதான் அதுக்கு லேசான வழி. புரொப்பலர்ல கயிறு சிக்கினா ஒரு பொடியனை இறக்கி விடுறம்தானே? கை கால் விறைச்சு நீந்த ஏலாமப் போனா, மேல நிக்கிறவன் மூச்சு முட்டிச்சு எண்டுதான் நினைப்பான். பச்சை வெட்டின போட் பக்கத்தில நிண்டாலே போதும்.

கல்லடி_மச்சான்:
அப்ப சோலார்தான் நல்லம் எண்டு நீங்களே சொல்லிட்டீங்க.

வயர்மன்_வாழைச்சேனை:
நான் அப்பிடிச் சொல்லல்ல. வாசிச்சிட்டு எழுதுங்க.

நாசிவன்தீவான்:
ஐசோலேட்டர் வாங்கச் சொல்றார். மட்டக்களப்பில எந்தக் கடையில கிடைக்குது எண்டு மட்டும் சொல்ல மாட்டார். கொழும்பில இருந்து எடுத்துத் தந்து அதுக்கும் ஒரு விலை போடுவார். பொங்கல் முடியுமட்டும் என்ட போட் ஜெட்டியிலதான் கிடக்கும். பச்சை வெட்டினபடிதான் கிடக்கும்.

வயர்மன்_வாழைச்சேனை:
எனக்கு ஒரு சதமும் வேணாம். பம்பைக் கேட்டவருக்குப் பம்ப் ஓடும், சாஃப்ட்டைக் கேட்டவருக்குச் சாஃப்ட் நிக்கும், ஆளும் மிஞ்சும், அதுக்குத்தான் கத்துறன். எந்தப் போர்ட்டுல சொருகிக் கிடக்கு எண்டாச்சும் சொல்லுங்க. அந்த வரிசையில என்ட சொந்த மச்சான்ட போட்டும் நிக்குது. தண்ணிக்குள்ள இறங்கிறது அவன்ட மகன்.

நாசிவன்தீவான்:
உங்கட மச்சான் வந்து கேக்கட்டும், சொல்றன். வாங்கின வலைக் காசையும் கையோட கொண்டு வரச் சொல்லுங்க.